விழித்திரையைக் காக்கும் புரதங்கள்



"கண்ணு மங்கலாத் தெரியுது, வயசாயிடுச்சுல்ல" என்று நம்மவர்கள் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். எல்லா மங்கலுக்கும் வயதே காரணமல்ல.

நம் கண்ணின் பின்சுவரில் மெல்லிய ஒரு திரை இருக்கிறது. அதுதான் விழித்திரை. அதிலுள்ள சுமார் பத்து லட்சம் நரம்பணுக்கள், பார்த்ததை மூளைக்கு எடுத்துச் செல்கின்றன. இவை செத்துப்போனால் மறுபடி முளைக்காது. வெட்டிய செடி துளிர்க்கும். இந்த நரம்பு துளிர்க்காது.

அப்படியானால் இத்தனை ஆண்டுகள் இவற்றை உயிரோடு வைத்திருப்பது எது? சில காவல் புரதங்கள்தான்.

இந்த உண்மைக்கு வழி திறந்தவர் இத்தாலிய நாட்டு அம்மையார் ரீட்டா லெவி மொந்தால்சினி. 1938இல் வந்த இனவெறிச் சட்டத்தால் வேலை இழந்தவர், படுக்கை அறையிலேயே கோழிக் கருவை வைத்து ஆராய்ந்தார். பின்னாளில் அவர் கண்டறிந்த நரம்பு வளர்ச்சிப் புரதத்துக்காக 1986இல் ஸ்டான்லி கோஹனுடன் நோபல் பரிசு பெற்றார். 1982இல் பார்டே குழுவினர் பன்றி மூளையிலிருந்து 'பி.டி.என்.எஃப்.' என்ற இன்னொரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அது எலியின் விழித்திரை நரம்பணுக்களை உயிரோடு வைத்திருப்பதும் பிறகு தெரிந்தது.

இது எப்படி வேலை செய்கிறது? வெளியூரில் வேலை செய்யும் மகன் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான் அல்லவா? அதுபோல மூளையில் கிடைக்கும் புரதம் நரம்பு வழியாகத் திரும்பி விழித்திரைக்கு வருகிறது. விழித்திரையிலும் கொஞ்சம் ஊறுகிறது. அது அணுவைத் தொட்டு, "சாகாதே, கிளை விடு" என்று உள்ளே கட்டளை போடுகிறது. கரு வளரும் காலத்தில் இந்த ஆதரவு கிடைக்காத அணுக்கள் ஏராளமாக மடிகின்றன.

கண் அழுத்த நோயில் இந்தப் பாதை அடைபடுகிறது. பணம் வராத வீடுபோல அணு வாடிச் சாகிறது. இனிப்புநீர் நோயிலும், ரத்தக் குழாய் கெடுவது மட்டுமல்ல; காவல் புரதம் குறைந்து நரம்பணுக்களும் மடிகின்றன. இரண்டிலும் ஆரம்பத்தில் வலியில்லை. அதுதான் ஆபத்து.

2023 நாட்டுச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் உண்டு. ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர்! ஒரு காலத்தில் ரப்பர்க் காடும் ஈயச் சுரங்கமும் சூழ்ந்திருந்த ஸ்ரீ கெம்பாங்கானில், இன்று அடுக்குமாடியில் குடியிருக்கும் நம்மவர்களும் இந்தக் கணக்கில் சேர்ந்தவர்களே.

"அப்போ அந்தப் புரதத்தை வாங்கிச் சாப்பிடலாமே?" என்று கேட்பீர்கள். முடியாது. வாயில் போட்டால் வயிற்றிலேயே செரித்துவிடும். "கண் நரம்பு வளரும்" என்று மாவும் மாத்திரையும் விற்பவரிடம் சம்பளக் காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள். 2025 மார்ச்சில் அமெரிக்காவில், காவல் புரதம் சுரக்கும் சிறு உறையைக் கண்ணுக்குள் வைக்கும் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அது அரிதான ஒரு விழித்திரை நோய்க்கு மட்டுமே, இனிப்புநீருக்கு அல்ல.

ஆகவே, இருக்கிற அணுக்களைக் காப்பதே நம் கையில் உள்ள வழி. இனிப்புநீர் உள்ளவர்கள் கண் நன்றாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கொரு முறை கண்ணின் பின்புறத்தைப் பரிசோதிக்கச் சொல்லி அரசாங்கக் கிளினிக்கில் கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் கட்டுக்குள் வையுங்கள். கண் அழுத்தத்துக்குக் கொடுத்த சொட்டு மருந்தை, "இப்போ நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்திவிடாதீர்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? இந்த மாதமே போய்ப் பாருங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களையும் கையோடு கூட்டிப்போங்கள்.