திறவுகோலுக்குள் ஒரு நாணயம்

தமிழர் ‘சாவி’ என்பதை மராத்தியர் ‘சாவீ’ என்பர். புனே நகரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டிலும் வீதியிலும் கேட்கும் இச்சொல், இரு மொழிகளுக்கும் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. தமிழுக்கே உரிய சொல் ‘திறவுகோல்’ என்பதாகும். பூட்டைத் திறக்கும் கோல் என்பது அதன் பொருள். ஆனால், இன்றைய மகிழுந்துச் சாவியைப் பார்த்தால் கோல் எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பொத்தான்கள் பதித்த சிறு பெட்டி ஒன்றே தெரிகிறது. அப்பெட்டி ஒருநாள் வேலை செய்யாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது?

மழைநாள் மாலை

பிம்பிரியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் விடுமுறை நாளில் சிங்ககட் கோட்டைக்குச் செல்வதாகக் கொள்வோம். மாலையில் மழை பிடித்துக்கொள்கிறது. அனைவரும் நனைந்தபடி வண்டியை அடைகின்றனர். தந்தை பொத்தானை அழுத்துகிறார், கதவு திறக்கவில்லை. மீண்டும் மீண்டும் அழுத்துகிறார், பயனில்லை. “அப்பா, போன வாரமே இரண்டு மூன்று முறை அழுத்தித்தானே திறந்தீர்கள்?” என்று மகள் நினைவூட்டுகிறாள். அவள் கூறியது சரியே. சாவி முன்னரே எச்சரிக்கை தந்திருந்தது. அதை எவரும் பொருட்படுத்தவில்லை.

பொத்தானை அழுத்தும்போது

பொத்தானை அழுத்தியதும் சாவியிலுள்ள சிறு மின்சுற்று, வானொலி அலை வடிவில் ஒரு குறியீட்டை அனுப்புகிறது. இந்தியாவில் பெரும்பாலான மகிழுந்துச் சாவிகளில் இந்த அலையின் அதிர்வெண் 433 மெகாஹெர்ட்சை ஒட்டியிருக்கும். வண்டியிலுள்ள ஏற்பி அக்குறியீட்டைச் சரிபார்த்த பின்னரே கதவைத் திறக்கும். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் குறியீடு மாறும். ஆகவே, ஒருவர் ஒரு முறை வந்த குறியீட்டை மறைந்திருந்து பதிவு செய்து மறுமுறை அனுப்பினாலும், வண்டி பொதுவாக அதனை ஏற்பதில்லை.

அலையை அனுப்புவதற்கு ஆற்றல் வேண்டும். அதனைத் தருவது சாவிக்குள் இருக்கும் நாணய வடிவ மின்கலம்.

எண்ணில் உள்ள செய்தி

பல சாவிகளில் ‘சி ஆர் 2032’ என்னும் மின்கலம் பயன்படுகிறது. ‘சி’ என்பது லித்தியமும் மாங்கனீசு டை ஆக்சைடும் கொண்ட வகையைக் குறிக்கும். ‘ஆர்’ என்பது வட்ட வடிவைக் குறிக்கும். 20 என்பது மில்லிமீட்டரில் குறுக்களவு. 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். சாதாரண உலர்மின்கலம் 1.5 வோல்ட் மின்னழுத்தம் தரும். இச்சிறு கலமோ 3 வோல்ட் தரும்.

வேதிவினையால் மின்சாரம் பெறும் இத்தகைய துறையை ஆராய்வதற்காகவே, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார்.

தளர்ச்சியின் அறிகுறிகள்

லித்தியம் நாணயக் கலத்தின் மின்னழுத்தம் அதன் வாழ்நாளின் பெரும்பகுதியில் ஏறத்தாழ மாறாதிருந்து, இறுதியில் விரைந்து குறையும். எனவே, சிறு அறிகுறிகளையும் கவனிக்க வேண்டும். முன்பு தொலைவிலிருந்தே திறந்த கதவு, அருகில் சென்றால் மட்டும் திறப்பது முதல் அறிகுறி. பலமுறை அழுத்த நேர்வது இரண்டாவது. சில வண்டிகளில் ஓட்டுநர் முன்னுள்ள பலகையில் எச்சரிக்கையும் தோன்றும்.

எனினும், குறை சாவியில்தான் என்று உடனே முடிவு செய்தல் கூடாது. வீட்டிலுள்ள மாற்றுச் சாவியைக் கொண்டு சோதிக்க வேண்டும். அது வேலை செய்தால், குறை முதற் சாவியில் உள்ளது. இரண்டும் வேலை செய்யாமல், வண்டியின் உள்விளக்கும் எரியாவிட்டால், வண்டியின் 12 வோல்ட் பேட்டரி ஓய்ந்திருக்கலாம்.

கலம் ஓய்ந்தாலும் வழி உண்டு

மலைமேல் நிற்கும் குடும்பத்திற்கு இனி என்ன வழி? கோல் மறைந்துவிடவில்லை, பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. பொத்தான் வகைச் சாவிகள் பலவற்றின் ஓரத்தில் சிறு கொக்கி ஒன்று உண்டு. அதனைத் தள்ளி இழுத்தால் உலோகச் சாவி வெளிவரும். ஓட்டுநர் பக்கக் கதவின் கைப்பிடியில் அதற்குரிய துளை இருக்கும். சில வண்டிகளில் அது ஒரு மூடியால் மறைக்கப்பட்டிருக்கும். இவ்வாறு திறக்கும்போது எச்சரிக்கை மணி ஒலித்தால் அஞ்ச வேண்டியதில்லை. வண்டி சாவியை அறிந்துகொண்டதும் மணி நின்றுவிடும்.

வண்டியை இயக்கவும் வழி உண்டு. சாவியில் மின்கலம் தேவைப்படாத ஒரு சில்லும் இருக்கிறது. வண்டியிலுள்ள கம்பிச்சுருள் ஒரு மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அப்புலம் சாவியிலுள்ள சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. மைக்கேல் பாரடே 1831ஆம் ஆண்டு கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே. அச்சிறு மின்சாரத்தால் சில்லு விழித்துத் தன் அடையாளத்தைக் கூறுகிறது. இது மிகக் குறுகிய தொலைவிலேயே நிகழும். ஆகவே, சாவியை இயக்கு பொத்தானின் மீதோ, வண்டியின் கையேடு காட்டும் இடத்திலோ ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். அந்த இடம் வண்டிக்கு வண்டி மாறும். அதை முன்னரே கையேட்டில் பார்த்து வைத்திருப்பவர் மழையில் தவிக்க நேராது.

கலத்தை மாற்றும் முறை

பழைய கலத்தின் மீதுள்ள எண்ணைப் பார்த்து, அதே எண்ணுள்ள புதிய கலத்தை வாங்க வேண்டும். பெரியவர் ஒருவர் தட்டை முனைத் திருப்புளியில் துணி சுற்றிப் பெட்டியை மெல்லப் பிரிக்கலாம். ‘+’ குறி எப்பக்கம் இருந்தது என்பதை நோக்கி, புதியதையும் அவ்வாறே பொருத்த வேண்டும். கலத்தை ஓரத்தில் பிடிப்பது நன்று. புதிய கலம் இட்ட பின்னரும் சாவி வேலை செய்யாவிட்டால், பொத்தானோ உள்ளிருக்கும் தொடுமுனையோ பழுதாகியிருக்கலாம். அப்போது பழுதுநீக்கும் நிலையத்தை நாட வேண்டும்.

பழையதே ஆபத்தானது

மாற்றி முடித்ததும் மேசைமேல் பளபளக்கும் பழைய கலத்தை மறந்துவிடுதல் பெரும் பிழை. சாவியை இயக்கப் போதாத கலத்திலும், ஒரு குழந்தைக்குத் தீங்கு செய்யப் போதுமான மின்சாரம் எஞ்சியிருக்கும். அதனை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தின் வழியே மின்னோட்டம் பாய்ந்து கடுங்காரப் பொருள் உண்டாகிறது. இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே அது திசுவை அரித்துவிடக்கூடும். அமெரிக்காவில் தொலையியக்கியின் பொத்தான் மின்கலத்தை விழுங்கிய ரீஸ் என்னும் ஒன்றரை வயதுக் குழந்தை 2020ஆம் ஆண்டு உயிரிழந்தாள். குழந்தைகள் எளிதில் திறக்க முடியாதபடி மின்கல அறைகள் அமைய வேண்டும் என, 2022ஆம் ஆண்டு அந்நாட்டில் அவள் பெயரால் சட்டம் இயற்றப்பட்டது.

தம்பியோ தங்கையோ விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே, வலி தோன்றும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. அவசர ஊர்திக்கு 108 என்னும் எண்ணை அழைக்கலாம்.

பழைய கலத்தின் இருபுறமும் ஒட்டுநாடா ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, பின்னர் மின்கலக் கழிவு பெறும் இடத்தில் சேர்க்க வேண்டும். புனேயில் ‘ஸ்வச்ச்’ என்னும் கூட்டுறவு அமைப்பைச் சேர்ந்த தொழிலாளர்கள் வீடுதோறும் குப்பையைப் பெற்றுக் கையால் தரம் பிரிக்கின்றனர். அவர்களிடம் மின்கலத்தைப் பிற குப்பையோடு கலந்து கொடுத்தல் முறையன்று. தனியே கட்டி, இன்னதென்று சொல்லிக் கொடுப்பதே முறை.

சிறிய நாணயம்தான், ஆயினும் அதன் ஆற்றலை அறிந்தவர் வீட்டில் வண்டியும் நில்லாது, குழந்தையும் நலமாயிருக்கும்.

பயிற்சி

1. மின்கலம் ஓய்ந்த பின்னும் வண்டி சாவியை எவ்வாறு அறிந்துகொள்கிறது?
2. குறை சாவியிலா, வண்டியிலா என்பதை எவ்வாறு கண்டறியலாம்?
3. உங்கள் வீட்டில் நாணய மின்கலம் உள்ள பொருள்களைப் பெற்றோருடன் சேர்ந்து பட்டியலிடுக. அவற்றின் மூடிகள் இறுக்கமாக உள்ளனவா என எழுதுக.