ஆற்றங்கரையில் ஒரு நாள்

ஆடி பதினெட்டாம் நாளன்று காவிரி பாயும் ஊர்களில் அடுப்படி விடியுமுன்பே விழித்துக்கொள்கிறது. புளியோதரையும், எலுமிச்சஞ்சாதமும், தேங்காய்ச் சாதமும், தயிர்ச் சாதமும் தூக்குகளில் நிரம்புகின்றன. தையல் இலைக் கட்டும் பாயும் தண்ணீர்க் கூஜாவும் சேர, தெருவே திரண்டு ஆற்றை நோக்கிப் புறப்படுகிறது. ஸ்திரீகள் மணலில் பிள்ளையார் பிடித்து வைத்து, காதோலை கருகமணியும் பூவும் பழமும் படைத்துக் காவிரியன்னையை வழிபட்டு, மஞ்சட் சரடு மாற்றிக்கொள்கின்றனர். சிறுவர்கள் சப்பரம் இழுத்துக் கரை நெடுக ஓடுகின்றனர். பிறகு வட்டமாக அமர்ந்து உண்பதும், மர நிழலில் சாய்ந்து பழங்கதை பேசுவதும், பொழுது சாயும்போது வீடு திரும்புவதுமே அன்றைய விழா. இதற்குச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. ஏழை எளியவர்க்கும் எட்டும் சந்தோஷம் இது.

சென்ற ஆடியில் நாம் குடும்பத்துடனும் நண்பர் சிலருடனும் இவ்விதம் ஒரு நாளைக் கழித்தோம். அழைத்தும் வராத பொதுஜன ஊழியர் ஒருவர், “ஆயிரம் வேலை கிடக்கிறபோது சோறு கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போவதா?” என்று நம்மைக் கடிந்துகொண்டார். அவருடைய தியாகத்தில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால், அவருடைய இளைய மகன் எங்களோடு வந்திருந்தான். தந்தையின் சொற்பொழிவுகளைப் பலமுறை கேட்டிருக்கும் அச்சிறுவன், தந்தையோடு ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து பேசியதில்லை என்று நம்மிடம் சொன்னான். அதைக் கேட்டபின் அந்நண்பருக்கு விடை சொல்ல வேண்டியது நமது கடமை என்று கருதினோம். அவரைப் போன்றோர் பலர் இருப்பதால், அதனை இங்கே எழுதத் துணிந்தோம்.

காவிரியின் பொருட்டு நம்மவர் நடத்தியிருக்கும் கிளர்ச்சிகள் பல. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் அளித்த தீர்ப்பின்படி, பிலிகுண்டுலுவில் ஆண்டொன்றுக்கு நமக்குக் கிடைக்க வேண்டிய நீர் 177.25 டி.எம்.சி. இந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்லும் தொண்டர்கள் ஏராளம். அவர்களுள் எத்தனை பேர் தத்தம் ஊர்ப் படித்துறையில் படிகள் எத்தனை, அவற்றுள் இடிந்தவை எத்தனை என்று சொல்லக் கூடும்? ஊர்ச் சாக்கடை எந்த இடத்தில் ஆற்றில் விழுகிறது, மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்பவை மேடையிலிருந்து பார்த்தால் தெரிவனவல்ல. கரையில் ஒரு நாள் உட்கார்ந்தால் அவை யாவும் கண்ணில் படும். மனைவி மக்களோடு சென்று மகிழ்ந்த இடம் பாழாவதை எந்த மனிதனும் பொறுக்க மாட்டான்.

நிற்க. ஆற்றங்கரையில் சேர்ந்து உட்காரும் உரிமை எல்லோருக்கும் எளிதில் கிடைத்ததன்று. இந்நாட்டில் மேல்துறை கீழ்துறை என்று ஜாதி பார்த்துப் பிரித்து, நம் சகோதரர்களுட் பலரைப் படித்துறைக்கு அப்பால் நிறுத்தியிருந்தோம். சென்னை மாகாணச் சட்டசபை 1938-ஆம் ஆண்டிலேயே பொது நீர்நிலைகளை எல்லா ஜாதியாருக்கும் திறந்துவிடச் சட்டம் செய்தது. 1950-இல் அமலுக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு கிணறு, குளம், சாலை ஆகியவற்றோடு நீராடும் படித்துறையையும் பெயர் சொல்லிக் குறித்து, அங்கே எவரையும் ஜாதியின் பெயரால் தடுக்கலாகாது என்று விதித்தது. நாட்டின் தலையாய சட்டத்தை வகுத்தவர்கள் படித்துறையை மறக்கவில்லை. சட்டம் திறந்த வழியில் நாம் நடந்தோமா என்பதை ஆடிப் பதினெட்டில் நாம் விரிக்கும் பாயே காட்டிவிடும். நம் சுற்றத்தார் மட்டும் உட்காரும் பாயாக அது இருக்குமாயின், சமத்துவத்தைப் பற்றிய நமது தீர்மானங்களால் என்ன பயன்? கட்டுச்சோற்றைப் பங்கிட்டு உண்பதைவிட எளிய சமபந்தி போஜனம் வேறில்லை.

இன்னொரு நியாயமும் உண்டு. பியாஸ் நதிக்கரையில் விடுதி நிறுவனம் ஒன்று தன் வசதிக்காக நதியின் போக்கையே மாற்ற முற்பட்ட வழக்கில், 1996-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டார் ஒரு பெருந் தத்துவத்தை நிலைநாட்டினர். ஆறு, கடற்கரை, காடு முதலியவை பொதுஜனங்களின் உடைமை. சர்க்கார் அவற்றிற்குத் தர்மகர்த்தாவே அன்றி எஜமானன் அல்லர் என்பதே அது. தர்மகர்த்தாவைக் கணக்குக் கேட்பவர் இல்லாவிடில் சொத்து என்னாகும் என்பது நம் கோயில்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜனங்கள் போகாத கரையில் முதலில் குப்பை சேரும். பிறகு வேலி வரும். அதன்பின் பட்டாவும் வரக்கூடும். குடும்பங்கள் அடிக்கடி சென்று புழங்கும் கரையை ஆக்கிரமிப்பது அவ்வளவு சுலபமன்று.

உரிமை பேசும் நாம் கடமையையும் மறக்கலாகாது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தது முதல், காவிரியின் ஆடிப் பெருக்கு அணையின் இருப்பையும் பொறுத்ததாயிற்று. வறண்ட ஆண்டுகளில் மணலைத்தான் கும்பிட வேண்டியிருக்கிறது; 2024-ஆம் ஆண்டிலோ அணை நிரம்பி வழிந்து, ஆற்றில் இறங்குவதே அபாயமாயிற்று. அத்தகைய நாட்களில் அதிகாரிகள் தடுத்தால் கீழ்ப்படிந்து, கரையிலிருந்தே வணங்குதல் விவேகம். பள்ளங்கள் நீருக்கடியில் தெரியா. குழந்தைகளைக் கைப்பிடியிலிருந்து விடலாகாது. 2019 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் தடுக்கப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் பைகளைக் காவிரியன்னைக்குக் காணிக்கையாக விட்டுவருவது பக்தியுமன்று, தேசபக்தியுமன்று. நம் பாட்டிமார் வாழையிலையும் தையல் இலையும் கொண்டு சென்றார்கள். மறுநாள் அவற்றை மாடு தின்றது, அல்லது மண் தின்றது. அவ்வழக்கத்தை மீட்பதில் நமக்கு என்ன கஷ்டம்?

காவிரி இல்லாத ஊரில் ஏரிக்கரை இருக்கும். ஏரியும் இல்லையேல் ஒரு தோப்பு இருக்கும். ஆடியில் முடியாதவர்களுக்குக் காணும் பொங்கல் இருக்கிறது. ஆண்டில் ஒரு நாள் கூட்டங்களை ஒத்திவைத்து, மனைவி மக்களையும் அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு செல்லுமாறு நம் தொண்டர்களை வேண்டுகிறோம். முதற்கண் அந்நண்பரையே வேண்டுகிறோம். வரும் ஆடியில் அவருக்கும் சேர்த்தே எங்கள் வீட்டில் புளி காய்ச்சப்படும். அவர் மகன் இப்போதே சம்மதித்துவிட்டான்.