தோட்டத்துக்குத் தோட்டா

நம் சங்கத்துப் பொங்கல் விழாப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்ட ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அவருக்குப் பூர்வீகம் கம்பம். வண்டன்மேட்டுப் பக்கம் குடும்பத்துக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. இங்கே அமெரிக்காவில் கிரீன் கார்டு வாங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. வார இறுதியில் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் போவார். சுட்ட தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கார் நிறுத்தும் அறையில் போட்டிருக்கும் மேசையில் தாமே மறுபடி நிரப்பிக்கொள்வார். "சார், இதே மாதிரி ஒரு மேசையை ஊரில் தோட்டத்து வீட்டில் போட்டுவிட்டால், பன்றித் தொல்லைக்குத் தோட்டா வாங்க அப்பா அலைய வேண்டாமே?" என்றார்.

கூடவே கூடாது என்றேன். ஏன் என்பதைப் பாயசம் வருவதற்குள் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மேசையைப் பற்றி. அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் காலம் தள்ளிய டிப்ளமோ என்ஜினியர் நான்; அளவுக் கருவிகளைக் கண்டால் கை தானே நீளும். கனமான பலகை, சுவரோடு போல்ட் போட்டு முடுக்கியது. மேலே கையால் இழுக்கும் ஒரு சிறிய பிரஸ். பக்கத்தில் தராசு. அந்தத் தராசின் அலகு 'கிரெய்ன்'. 7000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு; ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். அவ்வளவு நுணுக்கமாக நிறுக்க வேண்டிய மருந்து அது. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். மருந்தைக் கம்பெனி டப்பாவிலிருந்து வேறு பாட்டிலுக்கு மாற்றவே மாட்டார். அறையில் ஹீட்டர் கிடையாது, சிகரெட் கிடையாது, குழந்தைகள் வரக்கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். ஈயத்தூள் சாப்பாட்டுத் தட்டுக்குப் போய்விடக் கூடாதல்லவா? ஒழுங்கான மனிதர். குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அமெரிக்க மத்தியச் சட்டப்படி, தன் சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள லைசென்ஸ் வேண்டாம், விற்றால்தான் வேண்டும். ஆனால் நம் பிள்ளைகள் ஒன்றை மறக்கக் கூடாது. எச்-1பி, மாணவர் விசா, சுற்றுலா விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி பெரிய குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நண்பர் கிரீன் கார்டுக்காரர், அவருக்குச் சரி. அவரைப் பார்க்க வரும் எச்-1பி தம்பி ஆசைக்கு ஒரு டப்பா தோட்டாவைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனால் அவன் கதை வேறு.

இனி மலைக்கு வருவோம்.

இந்தியாவில் 1959 ஆம் வருட ஆயுதச் சட்டம் தோட்டாவை எப்படி விளக்குகிறது என்று படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. மருந்து அடைத்த தோட்டா மட்டும் தோட்டா அல்ல. தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்யும் இயந்திரமும்கூட அந்த விளக்கத்துக்குள் வந்துவிடுகின்றன! ஆக, நண்பரின் மேசைமேல் இருக்கும் அந்தச் சின்ன பிரஸ்ஸைப் பெட்டியில் வைத்துக் கொச்சியில் இறங்கினால், சட்டத்தின் கண்ணில் அவர் கொண்டு வந்தது தோட்டா. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது ஏழு வருடம், கூடினால் ஆயுள் சிறை. அப்பா துப்பாக்கிக்கு வைத்திருக்கும் லைசென்ஸ் தோட்டா வாங்கவும் வைத்துக்கொள்ளவும்தான், தயாரிக்க அல்ல.

சட்டம் இருக்கட்டும், இயந்திரக் கணக்கும் இதையேதான் சொல்கிறது. ஊரில் பெரும்பாலான விவசாயிகள் கையில் இருப்பது 12 போர் துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையில் 12 உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக இறங்குமோ அதுதான் 12 போர்; சுமார் 18.5 மில்லிமீட்டர். தாத்தா காலத்துத் துப்பாக்கிகளில் சில, பழைய கரிமருந்துக்கென்று செய்யப்பட்ட குழல் கொண்டவை. அதில் இன்றைய புகையில்லா மருந்தைக் கரிமருந்தின் அளவுக்கே கொட்டினால், எழும் அழுத்தத்தைக் குழல் தாங்காது. வெடிப்பது பன்றியின் பக்கம் அல்ல, சுடுகிறவர் முகத்தின் பக்கம். அதோடு இடுக்கி மழையைச் சொல்ல வேண்டுமா? காகிதக் கூட்டுத் தோட்டாக்கள் ஈரத்தில் உப்பிக் குழலுக்குள் நுழையவே நுழையாது.

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போனவர்கள் அரவங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இருக்கும் கார்டைட் ஃபேக்டரி வெள்ளைக்காரன் காலத்தில், 1900களின் தொடக்கத்தில் வந்தது. புகையில்லா மருந்தைக் கயிறு கயிறாகப் பிழிந்து எடுத்ததால்தான் அதற்குக் கார்டைட் என்று பெயர். 12 போர் தோட்டா புனே அருகில் கட்கியில் செய்கிறார்கள். இரண்டு தொழிற்சாலைகளும் 2021 அக்டோபர் முதல் முனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் உள்ளன. இத்தகைய தொழிற்சாலைகளில் ஒரு கட்டடத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி விட்டு, நடுவில் மண்கரை எழுப்புவது வழக்கம். ஒன்று போனாலும் மற்றது நிற்கட்டும் என்றுதான். தோட்டத்து வீட்டில் அடுப்படிக்கும் சாமான் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புத்தான் இருக்கும்.

எங்கள் ரயில்வேயிலும் வெடி உண்டு, பலருக்குத் தெரியாது. பாதையில் ஆபத்து என்றால் தண்டவாளத்தின் மேல் டெட்டனேட்டர் வைப்போம். அகலப் பாதையில் 600 மீட்டரில் ஒன்று, 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் தள்ளி மூன்று. சக்கரம் ஏறினால் வெடிச்சத்தம் கேட்டு வண்டி நிற்கும். ஒவ்வொன்றிலும் செய்த மாதமும் வருடமும் பொறித்திருக்கும், பழையதை முதலில் செலவழிக்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும். அவ்வளவு சின்னத் தகர வில்லைக்கே அத்தனை கட்டு!

இதையெல்லாம் சொல்லிவிட்டு விவசாயியின் கஷ்டத்தைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. பாலக்காடு 1956 நவம்பர் 1 வரை சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லா. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இன்றும் வீட்டில் தமிழ்தான். இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு மலைகளில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்திருக்கிறார்கள். போடி, கம்பத்தில் வீடும் மேலே தோட்டமுமாக போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏறி இறங்குகிற குடும்பங்கள் ஏராளம். ஓர் இரவில் ஒரு பன்றிக் கூட்டம் வந்து போனால் மரவள்ளி, சேம்பு, வாழைக்கன்று எல்லாம் போச்சு. தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பன்றிக்குத் தேர்தல் தெரியாது.

இங்கேதான் சிலர் குறுக்குவழிக்குப் போகிறார்கள். கோயமுத்தூர்ப் பக்கம் அதை 'அவுட்டுக்காய்' என்பார்கள். தீனிக்குள் வெடியை மறைத்து வைப்பது. 2020 மே 27 அன்று பாலக்காடு மாவட்டத்தில் வெள்ளியாற்றுத் தண்ணீரில் நின்றபடியே ஒரு கர்ப்பிணி யானை உயிர்விட்டது. வெடி வைத்த தேங்காயைக் கடித்து வாய் சிதைந்து, நாள்கணக்காக எதுவும் தின்ன முடியாமல் போயிற்று. அன்னாசி என்றும், மலப்புறம் என்றும் முதலில் உலகமெல்லாம் தவறாகப் பரவிய செய்தி அதுதான். பன்றிக்கு வைத்ததை யானை எடுத்தது. நாட்டுத் துப்பாக்கியும் அப்படித்தான். 2022இல் இடுக்கியில் இரவு வேட்டைக்குப் போன ஓர் இளைஞர் துப்பாக்கி தவறி வெடித்து இறந்தார். கூடப் போனவர்களே பயத்தில் ஏலத்தோட்டத்தில் புதைத்துவிட்டார்கள். வீட்டில் நிரப்பிய மருந்து, கணக்கில்லாத குண்டு. முடிவில் போலீஸிடம் சொல்லக்கூட வாய் வராத நிலை.

நேர்வழி ஒன்று இருக்கிறது. 2022 மே மாதம் கேரள அரசு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரத்தை ஊராட்சி, நகராட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. விவசாயி அவரிடம் மனுக் கொடுக்க வேண்டும். பட்டியலில் உள்ள லைசென்ஸ்தாரர் வந்து சுடுவார். விஷம், வெடி, மின்சாரம் மூன்றுக்கும் இடமில்லை. தமிழ்நாட்டில் முறை வேறு. 2025 ஜனவரியில் அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதையும் வனத்துறையே செய்யும். ஆகவே போடியில் கொடுத்த துப்பாக்கி லைசென்ஸ் மலைமேல் செல்லுமா என்று, லைசென்ஸில் எழுதிய எல்லையைப் பார்த்துவிட்டே செக்போஸ்ட்டைத் தாண்ட வேண்டும். 'பத்து கிலோமீட்டர்தானே' என்று ஏறினால் அது வேறு மாநிலம்.

நம் வாசகர்களுக்கு இதைவிட அருகில் இருக்கும் விஷயம், வீட்டுப் பரணில் இருக்கும் தாத்தாவின் தகரப்பெட்டி. லைசென்ஸ்தாரர் காலமானால் துப்பாக்கியையும் தோட்டாவையும் தாமதமின்றிப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஊரில் இருக்கும் வாரிசு வேண்டுமானால் பிறகு தன் பெயரில் லைசென்ஸ் கேட்கலாம். பெரியவர் உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் 2016 ஆம் வருட ஆயுத விதிகளில் வழி உண்டு. அவருக்கு 70 வயதோ, துப்பாக்கி வைத்திருந்து 25 வருடமோ, எது முன்னால் முடிகிறதோ அப்போது. லீவில் போகும்போது மாமாவையோ சித்தப்பாவையோ கேட்டு இதை முடித்துவிட்டு வாருங்கள். பழைய தோட்டாவை உடைத்துப் பார்ப்பது, அடுப்பில் போடுவது, கிணற்றில் எறிவது எல்லாம் வேண்டாம்.

கடைசியாக ஏர்போர்ட். தாத்தாவின் பழைய தோல்பை அழகாக இருக்கிறது என்று துணி வைத்து எடுத்து வருவீர்கள். அதன் ஓரத் தையலில் ஒரே ஒரு தோட்டா சிக்கியிருந்தாலும் ஸ்கேனர் காட்டிவிடும். தெரிந்து வைத்திருந்தால்தான் குற்றம் என்று 1972இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் தெரியாது என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் விமானம் போய்விடும், கேஸ் இருக்கும், பாஸ்போர்ட்டும் கோர்ட்டுமாக அலைச்சல் இருக்கும். ஊரிலிருந்து எந்தப் பழைய பை, பெட்டி, வேட்டைச் சட்டை கொண்டுவந்தாலும், முந்தின நாளே திண்ணையில் கவிழ்த்து, ஒவ்வொரு பாக்கெட்டாகக் கையை விட்டுப் பார்த்துவிடுங்கள்.