மூன்று கம்பும் ஒரு நூலும்

மகாராட்டிர மாநிலத்தின் வறண்ட சிற்றூர்களில் நிலவளம் காக்கும் பயிற்சி நடைபெறும்போது, பயிற்சியாளர் கையில் முதலில் காணப்படுவது புத்தகம் அன்று. மூன்று மரக்கம்புகள், சிறிது கயிறு, ஒரு நூல், கைக்கு அடங்கும் ஒரு கல். இவற்றைக்கொண்டு ஒரு மலைச்சரிவை அளந்துவிடலாம் என்றால் நம்புவது அரிது. எழுதப் படிக்கத் தெரியாத உழவரும் அரைநாளில் இதனைக் கற்றுக்கொள்கின்றனர்.

இப்பயிற்சி ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். அரபிக்கடலிலிருந்து வரும் பருவக்காற்று, சகியாத்திரி மலைத்தொடரில் மோதி மேற்குப் பக்கத்தில் பெருமழையைக் கொட்டிவிடுகிறது. மலைக்குக் கிழக்கே உள்ள பகுதி மழைமறைவுப் பகுதியாகும். அங்கே மழை குறைவு. அதுவும் சில நாள்களில் கொட்டி முடிந்துவிடும். மரமும் புல்லும் அழிந்த குன்றுகளில் விழும் நீர் நிற்பதில்லை. வளமான மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடுகிறது. கோடை வருமுன்பே கிணறுகள் வற்ற, ஊருக்குத் தண்ணீர் வண்டி வரத் தொடங்கும். பீடு முதலிய மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஆண்டுதோறும் கரும்பு வெட்டும் வேலைக்காகப் பல மாதங்கள் ஊரைவிட்டுச் செல்கின்றன. உடன்செல்லும் பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகிறது. பிழைப்பிற்காக ஊர்விட்டு ஊர் செல்வது எத்தகையது என்பதை உங்களுள் பலர் வீட்டுப் பெரியோர் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு எக்டேர் நிலத்தில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால், அங்கே விழும் நீர் 2,50,000 லிட்டர். 10,000 லிட்டர் கொள்ளும் வண்டியில் ஏற்றினால் 25 வண்டி நீர்! ஒரே மாலைப்பொழுதில் இவ்வளவும் வானத்திலிருந்து இலவசமாக வந்து, பெரும்பகுதி ஓடையில் கலந்து ஊரைக் கடந்துவிடுகிறது. ஓடும் நீரை நடக்கச் செய்யவேண்டும். நடக்கும் நீரை நிற்கச் செய்யவேண்டும். நிற்கும் நீரை மண்ணுக்குள் இறங்கச் செய்யவேண்டும். பயிற்சியின் நோக்கம் இதுவே.

இனி, அந்த மூன்று கம்புகளுக்கு வருவோம். ஒரே நீளமுள்ள இரண்டு கம்புகளின் மேல்முனைகளைச் சேர்த்துக் கட்டிக் கால்களை அகற்றி வைக்கவேண்டும். மூன்றாவது கம்பை நடுவில் குறுக்காகக் கட்டினால் ஆங்கில முதலெழுத்தின் வடிவம் கிடைக்கும். அதனால் இதற்கு ‘ஏ சட்டம்’ என்று பெயர். உச்சியிலிருந்து நூலில் கல்லைத் தொங்கவிட்டால், நூல் குறுக்குக் கம்பை ஓரிடத்தில் தொட்டு நிற்கும். கொத்தனார்கள் சுவரின் செங்குத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்தும் தூக்குக்குண்டும் இவ்வாறுதான் இயங்குகிறது.

சட்டத்தின் இரு கால்களும் ஊன்றிய இடங்களை அடையாளமிட்டு, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு இடுவர். பின்னர்ச் சட்டத்தைத் திருப்பி, இடக்கால் இருந்த இடத்தில் வலக்காலையும் வலக்கால் இருந்த இடத்தில் இடக்காலையும் ஊன்றி, மீண்டும் ஒரு கோடு இடுவர். இவ்விரு கோடுகளுக்கும் நடுவிலுள்ள புள்ளியே சமமட்டத்தைக் காட்டும் புள்ளி. தரையின் சாய்வு முதன்முறை நூலை ஒரு பக்கம் எவ்வளவு தள்ளியதோ, சட்டத்தைத் திருப்பியபின் மறுபக்கம் அவ்வளவே தள்ளும். ஆகவே நடுப்புள்ளியில் சாய்வு நீங்கிவிடுகிறது. சட்டம் சற்றுக் கோணலாகக் கட்டப்பட்டிருந்தாலும், அக்கோணலையும் இந்த நடுப்புள்ளி சரிசெய்துவிடும். விலையுயர்ந்த கருவி எதுவும் இன்றிக் கிடைக்கும் இத்துல்லியம் வியப்பிற்குரியது. உங்கள் வகுப்பிலேயே மூன்று அளவுகோல்களைக்கொண்டு இதனைச் செய்து பார்க்கலாம்.

அடுத்து, சரிவில் ஒரு காலை ஊன்றி, நூல் நடுப்புள்ளியைத் தொடும்வரை மற்றக் காலை மேலும் கீழுமாக நகர்த்துவர். தொட்டவுடன் அவ்விடத்தில் சுண்ணாம்புப் பொடியால் குறியிடுவர். அக்காலையே அச்சாகக்கொண்டு சட்டத்தைச் சுழற்றி அடுத்த புள்ளிக்குச் செல்வர். இவ்வாறு குறித்த புள்ளிகளை இணைத்தால் குன்றைச் சுற்றி வளைந்து செல்லும் ஒரு கோடு உருவாகும். நிலவியல் பாடத்தில் வரைபடத்தில் நீங்கள் காணும் சம உயரக் கோடு, இங்கே தரையிலேயே வரையப்படுகிறது. அக்கோட்டின் வழியே ஏறத்தாழ 60 செ.மீ. அகலமும் 30 செ.மீ. ஆழமும் உள்ள அகழி தோண்டி, அம்மண்ணைச் சரிவின் கீழ்ப்புறம் வரப்பாக இடுவர். வரப்பில் புல்லும் மரக்கன்றும் நடுவர்.

கோடு பிசகினால் என்ன ஆகும்? அகழியின் ஒரு முனை ஒரு சாண் தாழ்ந்திருந்தால் போதும். நீர் முழுவதும் அங்கே திரண்டு வரப்பை உடைத்துக்கொண்டு பாயும். அகழி இல்லாத காலத்தைவிட ஆழமான அரிப்பு அவ்விடத்தில் உண்டாகும். எனவேதான் தேர்ந்த பயிற்சியாளர்கள், எத்தனை அடி தோண்டினீர்கள் என்று கேட்பதற்கு முன்பு, மட்டம் சரியா என்று கேட்கின்றனர்.

வேலையின் வரிசையும் இன்றியமையாதது. குன்றின் உச்சியில் தொடங்கிப் பள்ளத்தாக்கில் முடிக்கவேண்டும். ஊர்மக்கள் பெரும்பாலும் விரும்புவது கீழே ஒரு தடுப்பணை. அது எல்லார் கண்ணுக்கும் தெரியும், திறப்பு விழாவும் நடத்தலாம். ஆனால் மேலுள்ள சரிவு வெறுமையாக இருக்கும்போது கீழே அணை கட்டினால், அதில் நீருக்கு முன்பாக வண்டல் நிரம்பிவிடும்.

சண்டிகர் நகரில் இது நேர்ந்தது. அங்கே 1958-இல் அமைக்கப்பட்ட சுக்னா ஏரி விரைவில் வண்டலால் தூர்ந்துவந்தது. மண்வள ஆய்வாளர் பி. ஆர். மிஸ்ராவும் அவருடைய குழுவினரும் அவ்வண்டலின் பிறப்பிடத்தைத் தேடி மேலே சென்றபோது, சிவாலிக் குன்றடியில் உள்ள சுகோமாஜ்ரி என்னும் சிற்றூரை அடைந்தனர். கால்நடைகள் மேய்ந்து குன்றுகள் மொட்டையாகியிருந்தன. மேய்க்காதீர்கள் என்று சொன்னால் ஏழை மக்கள் என்ன செய்வர்? 1976-இல் அங்கே ஒரு சிறு மண்ணணை கட்டப்பட்டு அதன் நீர் வயல்களுக்குப் பாய்ந்தது. நிலம் இல்லாத குடும்பங்களுக்கும் நீரில் பங்கு உண்டு என்ற விதி பின்னர் ஏற்பட்டது. அதன்பின் ஊரார் தாமே குன்றில் மேய்ச்சலை நிறுத்தினர். கம்பிவேலி இன்றி மக்களின் உடன்பாட்டால் ஏற்பட்ட அக்காவலைச் ‘சமூக வேலி’ என்று அழைத்தனர். மண்ணை அளப்பதோடு, அதன்மேல் வாழும் மக்களின் தேவையை அளப்பதும் இத்தொழிலின் பகுதி என்பது எனக்குப் பட்ட உண்மை.

மகாராட்டிரத்தில் பானி அறக்கட்டளை 2016-இல் ஊர்களிடையே ஒரு போட்டியைத் தொடங்கியது. மூன்று வட்டங்களைச் சேர்ந்த 116 ஊர்கள் அதில் கலந்துகொண்டன. ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஆண்களும் பெண்களுமாகச் சிலர் வந்து பயிற்சி பெற்று, திரும்பிச்சென்று தம் ஊராருக்குக் கற்பித்தனர். 45 நாள்களில் எந்த ஊர் சிறப்பாக நீர்ச்சேமிப்புப் பணி செய்கிறதோ அதற்குப் பரிசு. சாத்தாரா மாவட்டத்து வேளு என்னும் ஊர் முதற்பரிசைப் பெற்றது. போட்டி ஊக்கம் தரும் என்பதில் ஐயமில்லை. எனினும் அகழி தோண்டுவது ஒரு கோடையில் முடியும் வேலை. அதனைத் தூர்வாரி, கன்றுகளைக் காத்து நிற்பது பல ஆண்டு வேலை.

இத்துறையில் முறையான கல்விக்கும் இடமுண்டு. டேராடூனில் உள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு நிறுவனம் அலுவலர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் பயிற்சி அளிக்கிறது. நம் உதகமண்டலத்திலும் அதற்கு ஓர் ஆய்வு மையம் உண்டு. பள்ளிப் படிப்பை இடையில் விட்ட இளைஞர்களையும் கருத்தில் கொண்டு, நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017-இல் பசுமைத் திறன் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது.

சேர்த்த நீரைச் செலவிடுவதும் கற்கவேண்டிய திறமையே. அகமதுநகர் மாவட்டத்தில் (இன்று அகில்யாநகர்) உள்ள இவ்ரே பசார் என்னும் ஊர் இதற்குச் சான்று. ஊராட்சித் தலைவர் போபட்ராவ் பவார் வழிகாட்ட, 1990-களில் அவ்வூரார் குன்றுகளில் அகழி வெட்டி மரம் நட்டனர். பாசனத்திற்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுவதையும், மிகுந்த நீர் கேட்கும் கரும்பு, வாழை ஆகியவற்றைப் பயிரிடுவதையும் தவிர்த்தனர். வீட்டு வரவுசெலவு போல, ஆண்டுதோறும் அங்கே நீருக்கும் வரவுசெலவுக் கணக்கு உண்டு. பெய்த மழையையும் கிணற்று நீர்மட்டத்தையும் அளந்து, குடிநீருக்கும் கால்நடைக்கும் முதலில் ஒதுக்கி, எஞ்சியதற்கு ஏற்பவே எப்பயிர் இடுவது என்று ஊர் கூடி முடிவு செய்கின்றனர். மழை குறைந்த ஆண்டில் இரண்டாம் போகத்தைக் குறைத்துக்கொள்கின்றனர். பிழைப்புத் தேடி முன்பு நகரங்களுக்குச் சென்ற குடும்பங்கள் பல, இன்று அவ்வூருக்கே திரும்பி வந்து உழவு செய்துவருகின்றன.