எஸ்.பி.எஃப். 50 போதுமா? சன்ஸ்கிரீன் டியூபைத் திருப்பிப் பாருங்க!

வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு பைக்கில் வேலைக்குப் போய்வருபவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. காலையில் தெற்கே போகும்போது கிழக்கு வெயில் இடது கன்னத்தில் அடிக்கும். மாலையில் வடக்கே திரும்பும்போது மேற்கு வெயில் அடிப்பதும் அதே இடது கன்னத்தில்தான். சுமார் 20 கி.மீ. நெடுஞ்சாலை, வாரம் ஆறு நாள், வருஷக்கணக்கில்.

ஒரு பக்கமாகவே வெயில் பட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புகழ்பெற்ற ஒரு படம் இருக்கிறது. 2012-ல் அமெரிக்காவின் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயதுக்காரரின் முகம் அது. வலது கன்னம் வயதுக்கேற்ப இருக்கிறது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னமோ தடித்து, ஆழமாகச் சுருங்கிக் கிடக்கிறது. அவர் பக்கத்தில் கண்ணாடி இருந்தும் இந்த நிலை. காரணம், கண்ணாடி தடுப்பது யு.வி.பி. கதிரைத்தான். தோலின் ஆழம் வரை இறங்கும் யு.வி.ஏ. கண்ணாடியைத் தாண்டி வந்துவிடும்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது நாம் பார்க்கும் எஸ்.பி.எஃப். எண், பெரும்பாலும் அந்த யு.வி.பி. பற்றியது மட்டுமே. தோல் சிவந்து எரிவதை எவ்வளவு தள்ளிப்போடும் என்பதன் அளவு அது. எஸ்.பி.எஃப். 30 என்றால் சுமார் 97 சதவீதம், 50 என்றால் சுமார் 98 சதவீதம் தடுக்கும். 30-க்கும் 50-க்கும் நடுவே விளம்பரம் காட்டுகிற அளவு பெரிய பள்ளம் இல்லை. யு.வி.ஏ.வுக்கு 'பி.ஏ.' என்ற எழுத்தையும் அதன் பக்கத்தில் இருக்கும் கூட்டல் குறிகளையும் பார்க்க வேண்டும். நான்கு கூட்டல் இருந்தால் உச்சம்.

"நம்ம கலருக்கு இதெல்லாம் எதுக்கு?"

வீட்டில் பெரியவர்கள் கேட்கும் கேள்விதான். அதில் பாதி உண்மை இருக்கிறது. கருநிறத் தோலுக்கு மெலனின் தரும் இயற்கைப் பாதுகாப்பு எஸ்.பி.எஃப். 13 அளவுக்கு இருக்கும் என்பது பழைய ஆய்வு ஒன்றின் கணக்கு. வெள்ளைத் தோலில் அது 3 சொச்சம்தான். தோல் புற்றுநோயும் நம்மிடையே மிகக் குறைவு.

ஆனால் நம் ஊர் முகங்களின் பிரச்சினையே வேறு: மங்கு. கன்னத்திலும் மூக்கிலும் படரும் அந்தப் பழுப்புத் திட்டுகளை டாக்டர்கள் மெலாஸ்மா என்கிறார்கள். நிறம் கூடிய தோலில் யு.வி. மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் கருமையைத் தூண்டுகிறது. வழக்கமான சன்ஸ்கிரீன் பொருட்கள் இந்த வெளிச்சத்தைத் தடுப்பதே இல்லை. தடுப்பது இரும்பு ஆக்சைடு என்ற நிறமி. தோல் நிறத்தில் வரும் 'டின்டட்' சன்ஸ்கிரீன்களில் இருப்பது அதுதான். மங்கு உள்ளவர்களுக்கு இந்த வகை கூடுதல் பலன் தருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மேக்கப் சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

வெயிலும் சாதாரணமானதல்ல. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் வேடசந்தூரின் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். யு.வி. குறியீடு 3-ஐத் தாண்டினாலே பாதுகாப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேகமில்லாத கோடை நண்பகலில் இங்கே 11-ஐத் தாண்டுவது சகஜம்.

பின்பக்கப் பெயர்கள்

ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு இரண்டும் தாதுப் பொருட்கள். இவை கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பி அனுப்பும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் யு.வி.யைப் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்ளத்தான் செய்கின்றன. குறை என்னவென்றால், மாநிறத்துக்கு மேல் போட்டால் விபூதி பூசியது போல வெளுத்துத் தெரியும். அதனாலேயே பலரும் கடுகளவு தடவிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

மற்றவை வேதி வடிகட்டிகள். அவோபென்சோன் யு.வி.ஏ.வை நன்றாகத் தடுக்கும். ஆனால் வெயில் பட்டால் தானே சிதையும். ஆக்டினாக்சேட் சேர்ந்தால் சிதைவு இன்னும் வேகம். அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் ஆக்டோகிரைலின் சேர்க்கிறார்கள். புதிய தலைமுறையில் டினோசார்ப் எஸ் முக்கியமானது. லேபிளில் 'பிஸ்-எத்தில்ஹெக்சில்' என்று தொடங்கும் நீளப் பெயர் அதனுடையது. வெயிலில் எளிதில் சிதையாது, யு.வி.ஏ., யு.வி.பி. இரண்டையும் தடுக்கும். மூலக்கூறு பெரியது என்பதால் தோலுக்குள் நுழைவதும் மிகக் குறைவு.

ரத்தத்தில் கலக்குமா?

கலக்கும். 2019-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 24 பேரிடம் சோதித்தது. அவோபென்சோன், ஆக்சிபென்சோன், ஆக்டோகிரைலின், எகாம்சூல் ஆகிய நான்கும் ரத்தத்தில் தென்பட்டன, அதுவும் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராம் என்ற வரம்பைத் தாண்டி. 'ரத்தத்தில் விஷம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதன் மூலம் இதுதான். ஆனால் அது நச்சு வரம்பு அல்ல. தாண்டினால் மேலும் பாதுகாப்புச் சோதனை செய்ய வேண்டும் என்பதற்கான கோடு. அந்த 24 பேரும் உடம்பில் 75 சதவீத இடத்தில், தினம் நான்கு முறை, நான்கு நாட்கள் தடவிக்கொண்டவர்கள். முகமும் கழுத்தும் சேர்ந்தாலும் உடம்பில் ஐந்து சதவீதம் சொச்சம்தான். சன்ஸ்கிரீனை நிறுத்தச் சொல்லி எஃப்.டி.ஏ. அறிவிக்கவில்லை.

அதற்காகக் கேள்வியே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜிங்க், டைட்டானியம் இரண்டை மட்டுமே பாதுகாப்பானவை என்று அதே 2019-ல் எஃப்.டி.ஏ. முன்மொழிந்தது, 12 வடிகட்டிகளுக்கு 'தரவு போதாது' என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் கொண்டுவந்த விதி இன்னும் நுணுக்கமானது. ஹார்மோன் சந்தேகம் அதிகம் எழுந்த ஆக்சிபென்சோனுக்கு முகத்தில் 6 சதவீதம் வரை அனுமதி, உடம்புக்கான கிரீமில் 2.2 மட்டுமே. ஹோமோசலேட் முகத்துக்கான பொருட்களில் மட்டும், 7.34 சதவீதம் வரை. அதாவது முகத்துக்கு ஒரு கணக்கு, முழு உடம்புக்கு ஒரு கணக்கு. ஆக்சிபென்சோன் இல்லாத கிரீம்கள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. சந்தேகம் இருப்பவர்கள், குறிப்பாகக் கர்ப்பிணிகள், தாது வகைக்கு மாறிவிடலாம். ஸ்ப்ரே மட்டும் முகத்துக்கு வேண்டாம்; மூச்சில் போகும்.

ஆக்டோகிரைலின் உள்ள டியூபைப் பழசாக்கவும் கூடாது. நாளாக ஆக அதில் பென்சோபீனோன் கூடுவதை 2021-ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியமுள்ளவற்றில் வைத்திருக்கிறது. போன வருஷம் திறந்த டியூபைத் தூக்கிப் போடுவதில் தப்பில்லை.

எண்ணை நம்பலாமா?

இந்தியாவில் சன்ஸ்கிரீன் ஓர் அழகுசாதனப் பொருள், மருந்து அல்ல. 2020-ம் ஆண்டின் அழகுசாதன விதிகளும் ஐ.எஸ். 4707 தரநிலையும்தான் வேலி. லேபிளில் பொருட்களின் பெயர் இருக்கும்; எத்தனை சதவீதம் என்பது கட்டாயமில்லை. 2025 ஏப்ரலில், ஆன்லைனில் அதிகம் விற்கும் சன்ஸ்கிரீன் ஒன்றின் '50' உண்மையில் 20 அளவுதான் என்ற தொனியில் லாக்மே விளம்பரம் வெளியிட்டது. 'தி டெர்மா கோ' பிராண்டை நடத்தும் ஹொனாசா, டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விளம்பரத்தை மாற்ற ஹிந்துஸ்தான் யுனிலீவர் ஒப்புக்கொண்டது. கம்பெனிகள் சண்டை அத்தோடு சரி. வாங்குபவருக்கு மிஞ்சியது சந்தேகம்தான்.

விதிகள் கடுமையாக உள்ள ஆஸ்திரேலியாவிலேயே 2025 ஜூனில் 'சாய்ஸ்' என்ற நுகர்வோர் அமைப்பு 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்தபோது, 16 சொன்ன எண்ணைத் தொடவில்லை. ஒன்று வெறும் 4.

இதைவிடப் பெரிய ஓட்டை நம் விரலில் இருக்கிறது. ஒரு சதுர செ.மீ.க்கு 2 மில்லிகிராம் தடவித்தான் லேபில் எஸ்.பி.எஃப். அளக்கிறார்கள். நாம் பாதி தடவினாலே அதிகம். அப்போது 50 என்பது 25-க்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடும். முகம், கழுத்துக்கு ஒரு தடவைக்கு சுமார் 1.2 கிராம் வேண்டும், அதாவது இரண்டு விரல் நீளத்துக்கு. தினம் ஒரு முறை போட்டாலே 50 கிராம் டியூப் நாற்பது நாளில் தீர வேண்டும். உங்கள் டியூப் ஆறு மாதம் வருகிறதா? அப்படியானால் பின்பக்கம் எந்தப் பெயர் இருந்தாலும் ஒன்றுதான்.

ஒழுங்காகப் போட்டால் பலன் உண்டு என்பதில் சந்தேகமில்லை. ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 1992 முதல் 1996 வரை நடந்த சோதனையில், தினமும் தடவியவர்களுக்கும் இஷ்டப்பட்டபோது தடவியவர்களுக்கும் தோல் மூப்பில் 24 சதவீத வித்தியாசம் தெரிந்தது.

நாற்பது நாளுக்கு ஒரு டியூப் கட்டுப்படியாகாது என்றால், வயல் வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் போடும் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் எந்த கிரீமுக்கும் குறைந்தவை அல்ல. பைக்கில் முகத்தைச் சுற்றும் துப்பட்டாவுக்கும் ஒரு சின்னச் சோதனை: வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் ஊடுருவினால் வெயிலும் ஊடுருவும். நெருக்கமாக நெய்த, அடர்நிறத் துணியாக எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வையில் நனைந்த வெள்ளைப் பருத்தி தடுப்பது இன்னும் குறைவு.