மனவடு: பெரியவர்களுக்கும் ஆறாத காயம் உண்டு



2018 நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயலை நம் மாவட்டத்தில் மறந்தவர் இல்லை. சாய்ந்த தென்னைக்கும் உடைந்த படகுக்கும் அப்போது கணக்கெடுத்தார்கள். ஆனால் இன்றும் காற்று சற்றுப் பலமாக வீசினால் தூக்கம் கலைந்து எழுந்து உட்காருபவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, அதே காட்சி கனவில் வருவது, நடந்ததைப் பேசினாலே எரிந்து விழுவது, கடைத்தெருப் பக்கமே போகாமல் ஒதுங்குவது எல்லாம் ஒரே காயத்தின் அடையாளங்களாக இருக்கலாம். விபத்து, கடலில் பறிகொடுத்த உயிர், வளைகுடாவில் பட்ட கொடுமை என்று காரணம் வேறுபடும்.

இந்தக் காயத்துக்கு 'மனவடு' என்று பெயர். அந்தப் பெயரிலேயே தமிழில் கைந்நூல் தந்தவர் யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். போர் நடந்த வடக்கில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் மருத்துவம் பார்த்தவர். 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் ஒருவர். அவர்களில் ராஜினி திராணகம 1989இல் சுட்டுக் கொல்லப்பட்டார். கம்போடியாவிலும் பின்னர் ஆஸ்திரேலியாவில் அகதிகளிடையேயும் பணியாற்றியிருக்கிறார். அதாவது இவர் தூரத்தில் இருந்து படித்து எழுதியவர் இல்லை. குண்டு விழுந்த ஊரிலேயே நோயாளிகளோடு இருந்தவர்.

அவரிடம் வந்தவர்கள் "எனக்கு மனசு சரியில்லை" என்று வரவில்லை. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, உடம்பு எரிச்சல் என்றுதான் வந்தார்கள். நம் ஊரிலும் அப்படித்தானே? ஈ.சி.ஜி. எடுத்து, ஸ்கேன் எடுத்து, "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவார்கள். பிறகு வீட்டில் "சும்மா நடிக்கிறார்" என்பார்கள். அது நடிப்பில்லை. ஆபத்து போன பிறகும் உடம்பு காவல் நிற்கிறது, அவ்வளவுதான். இதை நோயாளிக்கும் வீட்டாருக்கும் விளங்கச் சொல்வதே சிகிச்சையின் முதல் பகுதி. நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது. அவராகச் சொல்ல வரும்போது குறுக்கே பேசாமல் கேட்க ஆள் வேண்டும்.

அடுத்தது உடம்பை அமைதிப்படுத்துவது. மூச்சை நிதானமாக விடுவது, தசைகளைத் தளர்த்துவது போன்ற பயிற்சிகளோடு, அவரவர் மார்க்கத்தில் பழகிய சொல்லைத் திரும்பத் திரும்ப ஓதவும் அவர் சொன்னார். முஸ்லிம்களுக்குத் தஸ்பீஹும் தக்பீரும். நம் உம்மாமார்கள் சுப்ஹுக்குப் பின் மணியை உருட்டிக்கொண்டு செய்வதற்கு மருத்துவ மதிப்பும் இருக்கிறது என்பதைப் படித்தபோது எங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் திக்ரு இருக்கிறது, டாக்டர் எதற்கு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் மருந்தையும் கைவிடவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநல விடுதி ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியின்றி மாண்டார்கள். துஆவுக்கு அழைத்துப் போகும் இடத்திலும் மருத்துவம் சேர்ந்து நடக்க வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அவர் எழுதியதில் நமக்கு மிகவும் பொருந்துவது 'கூட்டு மனவடு' என்ற கருத்து. ஊரே அடிபட்டால் ஆளைத் தனித்தனியாகப் பிரித்து மருந்து கொடுத்து முடியாது. 1990 அக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் அடைக்கலம் புகுந்த முஸ்லிம்களை எண்ணிப் பாருங்கள். வீடு மட்டுமா போனது? பள்ளிவாசல், கபுருஸ்தான், பக்கத்து வீட்டு உறவு எல்லாம் ஒரே நாளில் போயின. அதனால்தான் அவர் ஆசிரியர்கள், கிராமப் பணியாளர்கள், ஊர்ப் பெரியவர்களுக்கும் பயிற்சி கொடுக்க முனைந்தார். நம் ஜமாஅத்தில் அந்த இடத்தில் இமாமும் முத்தவல்லியும் மதரஸா உஸ்தாதும் இருக்கிறார்கள். ஜனாஸா அன்று வீடு நிறையக் கூடுகிறோம்; நாற்பது நாள் கழித்து அந்த வாசலை எத்தனை பேர் மிதிக்கிறோம்? கடலில் காணாமல் போனவரின் வீட்டில் அடக்கம் செய்ய உடலும் இல்லை, அழுது முடிக்க நாளும் இல்லை. அங்கே போய் உட்கார்ந்து வருவதே பெரிய உதவி.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, சாக வேண்டும் என்ற பேச்சு வருகிறது என்றால் தாமதிக்காதீர்கள். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. தனியாகப் போகத் தயங்குபவர்கள் ஜும்ஆவுக்குப் பின் நம் அலுவலகத்தில் சொன்னால் ஒருவர் கூட வருவார். பெண்களுக்குப் பெண் துணை உண்டு. எதற்காக என்று யாரும் கேட்க மாட்டோம்.