எந்தத் தெரு என்று கேட்டால்...

புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் பிளஸ் 2 படிக்கும் மாணவர்களுக்கு ஆங்கிலத் துணைப்பாட நூலில் குழந்தைப் பருவ நினைவுகள் பற்றி ஒரு பாடம் உண்டு. அதில் ஒரு பாதி அமெரிக்கப் பழங்குடி எழுத்தாளர் ஜிட்கலா-சா எழுதியது. மறுபாதி 1992-இல் வெளியான பாமாவின் ‘கருக்கு’ நூலிலிருந்து எடுத்தது.

மூன்றாம் வகுப்புச் சிறுமி பள்ளிவிட்டு வேடிக்கை பார்த்தபடி வீடு திரும்புகிறாள். அவள் தெருப் பெரியவர் ஒருவர், வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி கொண்டுபோய்ப் பண்ணையாரிடம் நீட்டுகிறார். சிறுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டில் அண்ணன் காரணத்தைச் சொன்னதும் சிரிப்பு கோபமாக மாறுகிறது. அதே பாடத்தில் இன்னொரு நிகழ்ச்சி. பக்கத்து ஊர் நூலகத்தில் புத்தகம் எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரையில் வரும் அண்ணனிடம் பண்ணையாள் ஒருவர் பெயரைக் கேட்கிறார். அடுத்த கேள்வி, எந்தத் தெரு என்பது. தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். கையில் இருந்த புத்தகம் அந்த ஆளின் கண்ணில் படவே இல்லை.

பாமாவின் அண்ணன்தான் பேராசிரியர் ராஜ் கௌதமன். புதுச்சேரி அரசுக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்தவர். 2002-இல் வந்த அவருடைய ‘சிலுவைராஜ் சரித்திரம்’, ஒரு தலித் சிறுவன் வளர்ந்து ஆளாகும் கதை. 2024 நவம்பரில் அவர் காலமானார். அண்ணன், தங்கை இருவரும் எழுதியது தமிழில். ஆனால் நம் பிள்ளைகளுக்குக் ‘கருக்கு’ 17 வயதில், ஆங்கிலத்தில், ஐந்து மார்க் கேள்வியாக வந்து சேர்கிறது. எட்டு வயதில் படும் காயத்துக்குப் பிளஸ் 2-வில் மருந்து கொடுத்தால் போதுமா?

நடுவில் விடுபடும் வயது

பத்து முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகள் முயல், ஆமைக் கதைகளுக்குப் பெரியவர்கள். பெரியவர்களின் நாவலுக்குச் சிறியவர்கள். தன் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் உள்ள வித்தியாசம் புரியத் தொடங்குவதும் இந்த வயதில்தான். அவர்களுக்குத் தேவை, தங்களைப் போன்ற ஒரு பிள்ளை வளரும் கதை.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் மில்ட்ரெட் டெய்லர் 1976-இல் அப்படி ஒரு நாவல் எழுதினார். அடுத்த ஆண்டே அது சிறார் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கத்தைப் பெற்றது. கதை 1933-இல் மிசிசிப்பி மாநிலத்தில் நடக்கிறது. வெள்ளையர் பள்ளியில் படித்துக் கிழித்த பழைய புத்தகங்கள் கறுப்பர் பள்ளிக்கு வருகின்றன. அட்டையின் உட்புறத்தில், புத்தகம் யார் யார் கைக்குப் போனது என்ற பட்டியல். புத்தகம் நைந்துபோன பிறகே கறுப்பினப் பிள்ளைக்கு என்று அதில் இழிசொல்லோடு எழுதியிருக்கிறது. அதைப் பார்த்த ஆறு வயதுச் சிறுவன் புத்தகத்தைத் தூக்கி எறிகிறான். அங்கேயே ஆசிரியையாக இருக்கும் அவன் அம்மா அந்தப் பக்கத்தின் மேல் காகிதம் ஒட்டி மறைக்கிறார். பின்னால் அவர் வேலையை இழக்கும்போது அந்தக் காகிதமும் குற்றமாகச் சேர்கிறது.

கோணிச் சாக்கின் மேல் உட்கார்ந்து படித்த அம்பேத்கரை அறிந்த நமக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல.

கூடிப் படித்தால் என்ன நடக்கும்?

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, உன்னை யாராவது அவமானப்படுத்தினார்களா என்று ஒரு பிள்ளையிடம் நேராகக் கேட்டுப் பாருங்கள். தலையைக் குனிந்துகொள்ளும். அந்தப் பையன் புத்தகத்தை எறிந்தது சரியா, தப்பா என்று கேளுங்கள். பத்துப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். இன்னொரு பிள்ளையின் பெயரில் தன் வலியைப் பேசிவிட நாவல் இடம் கொடுக்கிறது. தனியாகப் படிக்கும்போது அது மனதுக்குள்ளேயே நின்றுவிடும். கூடிப் படிக்கும்போது, நமக்கு மட்டும் நடந்ததல்ல என்ற தைரியம் வரும்.

இதற்கு முன்னோடிகள் தொலைவில் இல்லை. அறிவொளி இயக்கம் புதுச்சேரித் தெருக்களில் எழுத்தைக் கொண்டுசேர்த்தது. 2021 அக்டோபரில் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது, நமக்குப் பக்கத்தில் உள்ள மரக்காணம் வட்டாரத்து முதலியார்குப்பத்தில். பிறகு வந்த வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு நூல்களை அரசுப் பள்ளிகளுக்குத் தந்தது. இவை தமிழ்நாட்டுத் திட்டங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் நாம்தான் தொடங்க வேண்டும்.

மேட்டுப்பாளையத்தில் தொழிற்பேட்டையும் லாரி முனையமும் இருக்கின்றன. ஷிப்டுக்குப் போன பெற்றோர் திரும்பும்வரை மாலை நேரம் பிள்ளைகள் கையில்தான். வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம் போதும். ஒரே புத்தகத்தில் ஐந்தாறு பிரதிகள் வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம் சத்தமாகப் படிக்கட்டும். திக்கிப் படிக்கும் பிள்ளையை யாரும் சிரிக்கக் கூடாது. படிக்கத் தெரியாத பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். தேர்வு வேண்டாம்; கதையின் நீதி என்ன என்ற கேள்வியும் வேண்டாம்.

‘கருக்கு’ முழுவதும் சிறார் நூல் அல்ல. ஆனால் அதன் குழந்தைப் பருவப் பக்கங்கள் பாட்டி பேசும் மொழியில் இருக்கின்றன. சாகித்ய அகாதமியின் பால புரஸ்கார் பெற்ற நாவல்கள் உண்டு: யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ (2020), உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ (2023), விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ (2025). கையில் கட்டும் சாதிக் கயிறு பற்றிச் சரவணன் எழுதிய ‘கயிறு’ ஒரே மாலையில் படித்து முடிக்கக்கூடிய சிறு நூல்.

ஒன்றை மறக்கக் கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் 2 மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதிக் கயிறு கட்டத் தடை வேண்டும் என்று 2024-இல் பரிந்துரைத்தது. கயிறை அவிழ்க்க ஆணை போதும். அதைக் கட்டிய மனதை ஆணையால் மாற்ற முடியாது. ஆகவே வாசிப்பு வட்டம் காலனிக்குள் மட்டும் நடந்தால் பாதிப் பயன்தான். எந்தத் தெரு என்று கேட்கப் பழக்கப்படும் பிள்ளையும் அதே புத்தகத்தை, அதே பாயில் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

நம்மூர் ரோமன் ரோலண்ட் நூலகம் 1827-இல் தொடங்கியபோது ஐரோப்பிய வம்சத்தவருக்கு மட்டுமே இருந்தது. பிறகுதான் எல்லோருக்கும் திறந்தது. இன்று அங்கே போய்ப் புத்தகம் எடுக்க எந்தத் தெரு என்பது தடையில்லை. இந்த விடுமுறையில் ஒரு புத்தகம் எடுத்து வாருங்கள். இரண்டு தெரு சேரும் இடத்தில் பாயை விரியுங்கள்.